பழைய காம்பாக்ட் ஃபிலிம் கேமரா: சோதிப்பதும் பழுது பார்ப்பதும்

பழைய காம்பாக்ட் ஃபிலிம் கேமராவை முதன்முறையாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸின் புகழை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கேமரா இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது லென்ஸின் கையில் இல்லை. உள்ளே மடிந்து கிடக்கும் மெல்லிய ரிப்பன் கம்பி, ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம், மேல்மூடியில் இருக்கும் நகத்தளவு எல்சிடி திரை ஆகியவற்றில் எது முதலில் தளர்கிறதோ அதுவே கேமராவின் ஆயுளை முடிவு செய்கிறது. தானாக ஃபோகஸ் செய்யும் கேமராக்களில் பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் கேமராவான கோனிகா சி35 ஏஎஃப் 1977இல் வெளிவந்தது. அந்த வகைக் கேமராக்களின் உற்பத்தி 2000களில் அநேகமாக நின்றுவிட்டது. ஆகவே இன்று சந்தையில் கிடைப்பவற்றில் இளையவற்றுக்கே ஏறத்தாழ இருபது வயது. அவற்றுக்கும் முன்பே வந்த மூத்தவற்றில் பல ஐம்பதைத் தாண்டியவை. உதிரி பாகங்கள் புதிதாகச் செய்யப்படுவதில்லை. செத்துப்போன இன்னொரு கேமராவிலிருந்து கழற்றி எடுத்தால்தான் உண்டு. இந்த நிலையில், வாங்கப்போகும் கேமரா ஒருநாள் நின்றுபோனால் எதனால் நிற்கும், அதை ஒருவரால் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்தத் தலைமுறை என்று அறிதல்

காம்பாக்ட் கேமராக்களை மூன்று தலைமுறைகளாகப் பிரித்துப் பார்த்தால் அவற்றின் நோய்களும் பிரிந்து தெரியும்.

முதல் தலைமுறையில் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் பகுதி, மின்சாரமின்றி முழுக்க எந்திரப் பாகங்களால் இயங்குகிறது. 1966இல் வந்த ரோலை 35, 1984 வரை தயாரிக்கப்பட்ட ஒலிம்பஸ் டிரிப் 35, கேனனெட் க்யூஎல்17 ஜி3 ஆகியவை இவ்வகை. டிரிப் 35க்குப் பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றியுள்ள செலீனியம் கலன் வெளிச்சத்திலிருந்தே தனக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. இவற்றில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் உறைந்த எண்ணெய், காய்ந்த கிரீஸ், பின்கதவின் இடுக்கில் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சின் உதிர்வு, தளர்ந்த ஒளிமானி என்ற நான்கினுள் அடங்கும். பொறுமையான ஒரு கைவினைஞரால் இவற்றில் ஒளிமானியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும்.

இரண்டாம் தலைமுறையில் ஃபிலிமைக் கையால் சுருட்டுகிறோம், ஷட்டரை மின்னணுச் சுற்று நடத்துகிறது. யோஷிஹிசா மைதானி வடிவமைத்து 1979இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பேட்டரி இல்லாவிட்டால் இது படம் எடுக்காது. ஆனால் மோட்டார் இல்லாததால் பழுதாகக்கூடிய பாகங்கள் குறைவு.

மூன்றாம் தலைமுறை முழுத் தானியங்கி. ஃபிலிமை ஏற்றுவது, ஃபோகஸ் செய்வது, ஒளியை அளப்பது, சுருட்டுவது, இறுதியில் திருப்பிச் சுற்றுவது என எல்லாம் மோட்டாரும் சில்லுகளும் செய்யும் வேலை. 1990இல் வந்த காண்டாக்ஸ் டி2, யாஷிகா டி4, 1991இல் வந்த ஒலிம்பஸ் மியூ, 1996இல் வந்த ரிக்கோ ஜிஆர்1 ஆகியவை இதில் அடங்கும். விலை கூடக் கூட ஆயுளும் கூடும் என்று இந்தத் தலைமுறையில் எண்ணிவிடக் கூடாது. டி2இன் வெளிக்கூடு டைட்டானியம்தான். ஆனால் உள்ளே ஓடும் ரிப்பன் கம்பி, மலிவான பிளாஸ்டிக் கேமராவில் ஓடும் அதே வகைக் கம்பி. ஜிஆர்1 வரிசையில் மேல்மூடி எல்சிடியின் எழுத்துகள் மங்கி மறைவது பலரும் அறிந்த குறை. புதிதாக வருகிறவர் முதல் தலைமுறையிலிருந்து ஒன்றையோ, மூன்றாம் தலைமுறையில் மிக மலிவான, ஜூம் இல்லாத ஒன்றையோ வாங்கிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறை நீண்டு சுருங்கும்போதும் உள்ளே இருக்கும் ரிப்பன் மடிந்து நிமிர்கிறது; லென்ஸ் அசையாத கேமராவில் அந்தத் தேய்மானம் இல்லை.

பழுதைப் பற்றி யோசிக்கவே விரும்பாதவர்களுக்கு 2024இல் புதிதாக வந்த பென்டாக்ஸ் 17 போன்ற கேமரா இருக்கிறது. அவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

முதலில் பேட்டரி அறை

கேமராவைக் கையில் எடுத்ததும் பேட்டரி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். லென்ஸைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். உலோகத் தகடுகளில் வெள்ளைப் பொடியோ நீலப்பச்சைக் களிம்போ இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. லேசான படிவு கவலைக்குரியதன்று. ஆனால் களிம்பு தகட்டின் பின்புறம் வரை சென்றிருந்தால், அது கம்பியின் உறைக்குள்ளும் ஊர்ந்து போயிருக்கக்கூடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் அந்தக் கம்பியில் மின்சாரம் ஒழுங்காக ஓடாது. மூடியின் கொக்கியையும் விரலால் அசைத்துப் பார்க்கவும். பேட்டரி மூடியின் சிறிய பிளாஸ்டிக் பல் உடைந்து, நாடா ஒட்டிப் பயன்படுத்தப்படும் கேமராக்கள் ஏராளம்.

அடுத்து, புதிய பேட்டரி. மூன்றாம் தலைமுறைக் கேமராக்களில் பல சிஆர்123ஏ என்னும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரியைக் கேட்கும். அதே அளவில் மீண்டும் மின்னேற்றக்கூடிய பேட்டரிகளும் விற்கின்றன. அவற்றில் ஒரு வகை முழுதாக ஏற்றப்பட்ட நிலையில் 4.2 வோல்ட் வரை தரும், அது சுற்றை எரித்துவிடலாம். எக்ஸ்ஏ போன்றவற்றுக்கு எல்ஆர்44 அல்கலைன் பொத்தான் பேட்டரியைவிட அதே வடிவிலான எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு பேட்டரியே ஏற்றது. முன்னதன் வோல்டேஜ் பயன்படுத்தப் பயன்படுத்தச் சிறிது சிறிதாகக் குறையும். பின்னது கடைசி வரை ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். “பேட்டரி இல்லாததால் சோதித்துப் பார்க்கவில்லை” என்று விற்பவர் சொன்னால், சோதித்துப் பார்த்தார், வேலை செய்யவில்லை என்று பொருள் கொள்வதே என் வழக்கம். அந்தக் கணக்கு எனக்கு அதிகம் பொய்த்ததில்லை.

ஃபிலிம் இல்லாமல் சோதிப்பது

கேமராவை இயக்கியதும் லென்ஸ் தடையின்றி வெளியே வருகிறதா, மோட்டாரின் ஓசை ஒரே சீராக இருக்கிறதா என்று கவனிக்கவும். கரகரப்போ பாதியில் நின்று தொடங்கும் ஓசையோ வந்தால் பற்சக்கரத்தில் பல் போயிருக்கலாம்.

பிறகு ஷட்டர். காம்பாக்ட் கேமராவில் ஷட்டர் இதழ்கள் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் முன்புறமிருந்தே அவை திறந்து மூடுவதைப் பார்க்கலாம். கண்ணுக்கு எட்டாத வேகத்தைக் கைபேசி பிடித்துத் தரும். நொடிக்கு 240 படங்கள் பதியும் மெதுவியக்க முறையில் லென்ஸுக்கு நேராகக் கைபேசியை வைத்து, ஃபிளாஷை நிறுத்திவிட்டு ஷட்டரை அழுத்தவும். 1/30 நொடி என்றால் இதழ்கள் சுமார் எட்டுப் படங்களில் திறந்திருக்க வேண்டும், 1/60 என்றால் நான்கு. 1/250க்கு மேல் இந்த முறை பயன்படாது. ஆனால் பழைய ஷட்டர்களில் தொல்லை தருபவை பெரும்பாலும் மெதுவான வேகங்களே. வேகத்தை நாமே வைக்க முடியாத தானியங்கிக் கேமராவில், ஒரு முறை பிரகாசமான சன்னலை நோக்கியும் ஒரு முறை இருண்ட மூலையை நோக்கியும் அழுத்தி, இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வேறுபாடே இல்லையெனில் ஒளிமானி செத்திருக்கிறது.

டிரிப் 35இல் இந்தச் சோதனை இன்னும் எளிது. லென்ஸ் துளையின் அளவை மாற்றும் வளையத்தை ‘ஏ’ எழுத்தில் வைத்து, லென்ஸைச் சுற்றியுள்ள கலனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஷட்டரை அழுத்தினால், வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் அழுத்தினால் கொடி எழக் கூடாது. கொடி சரியாக எழுவதால் மட்டும் கலன் முழு வலிமையுடன் இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது. முதுமையில் அது குறைவான மின்சாரம் தந்து, கேமராவைக் குறைந்த வெளிச்சம் என்று நம்பவைத்து, படத்தை அதிக ஒளியுடன் எடுக்க வைக்கும். கலர் நெகட்டிவ் ஃபிலிம் அதைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும் என்பது ஒரு நற்பேறு.

ரோலை 35ஐச் சோதிக்கிறவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஃபிலிம் நெம்புகோலை இழுத்து ஷட்டரைத் தயார்நிலையில் வைத்த பிறகே அதன் லென்ஸை உள்ளே தள்ள வேண்டும். தெரியாமல் வலிந்து தள்ளி உடைக்கப்பட்டவை பல.

தானியங்கி ஃபோகஸ் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரை வெளியிட்டு, அது திரும்பி வரும் கோணத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. முன்முகத்தில் இருக்கும் இரண்டு சிறிய சன்னல்களில் விரல்ரேகை படிந்திருந்தாலே கணிப்பு பிழையாகும். எனவே ‘ஃபோகஸ் போய்விட்டது’ என்று சொல்லும் முன் அவற்றை மென்துணியால் துடைத்துப் பார்க்கவும்.

ஃபிளாஷ் பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்திருந்தால் முதல் முறை மின்னேற நெடுநேரம் எடுக்கும். மெல்லிய ரீங்கார ஓசை கேட்டுக்கொண்டிருந்தால் பொறுத்திருக்கலாம். நான்கைந்து முறை இடைவெளி விட்டு மின்னவிட்டால் ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி பழைய நிலைக்கு ஓரளவு திரும்பும்.

கடைசியாக, வீணான ஒரு பழைய ஃபிலிம் சுருளை ஏற்றி முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தச் சுருளின் மேல் பெரிதாக ‘சோதனை’ என்று எழுதி வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் பயன்படும். கையால் சுருட்டும் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் திருப்பிச் சுற்றும் குமிழ் தானும் சுழல்கிறதா என்று பார்க்கவும்; சுழலாவிட்டால் ஃபிலிம் நகரவில்லை. மோட்டார் கேமரா 36ஆம் படம் வரை சென்று தானாகத் திரும்ப வேண்டும். பத்துப் பன்னிரண்டிலேயே திரும்பிவிட்டால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள், பிறகு மோட்டாரை. ஜிஆர்1 போன்ற சில கேமராக்கள் ஏற்றியவுடன் முழு ஃபிலிமையும் வெளியே இழுத்துவிட்டு, ஒவ்வொரு படமாகச் சுருளுக்குள் திருப்பி இழுக்கும், அது கோளாறன்று. பாதியில் பின்கதவு திறந்துவிட்டாலும் எடுத்த படங்கள் சுருளுக்குள் பத்திரமாக இருக்கும் என்பது அதன் நன்மை.

லென்ஸ்

பின்கதவைத் திறந்து, சிறு டார்ச் விளக்கின் ஒளியை லென்ஸினூடே சாய்வாகச் செலுத்திப் பார்க்கவும். தூசித் துகள்கள் படத்தைப் பாதிக்காது. அவற்றுக்காகக் கேமராவைத் திறப்பது அறிவீனம். சிலந்தி வலை போலக் கிளைத்த இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரே சீரான மங்கல் தெரிந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. இது பூஞ்சையைவிடப் படங்களைக் கெடுக்கும், குறிப்பாக வெளிச்சத்தை எதிர்நோக்கி எடுக்கும் படங்களை. பூஞ்சை நெடுநாள் இருந்தால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் அந்தத் தடம் போகாது.

முதல் சுருளும் நெகட்டிவைப் படிக்கும் முறையும்

இத்தனையையும் கடந்து வந்த கேமராவில் 200 அல்லது 400 ஐஎஸ்ஓ (ஃபிலிம் ஒளியை உணரும் திறனின் அளவு) கலர் நெகட்டிவ் ஃபிலிம் ஒன்றை ஏற்றி, குறிப்பேட்டுடன் படமெடுக்கவும். அருகிலுள்ள பொருள், மூன்று மீட்டரில் ஒருவர், தொலைவிலுள்ள கட்டடம், கடும் வெயில், நிழல், ஃபிளாஷுடன் உள்ளறை என்று ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எடுத்தால் போதும். பயணத்துக்கோ திருமணத்துக்கோ இந்தச் சுருளைக் கொண்டு போகக் கூடாது. கழுவித் தரும் லேபிடம் ஸ்கேன் செய்த படங்களோடு நெகட்டிவையும் கட்டாயம் கேட்டு வாங்கவும். ஏனெனில் ஸ்கேன் செய்யும் கருவி கேமராவின் தவறுகளைத் திருத்தி மறைத்துவிடும், நெகட்டிவ் மறைக்காது.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து முதலில் ஓரங்களைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் எண்களும் தெளிவாக அச்சாகியிருந்து, நடுவில் படமே இல்லையென்றால் கழுவியதில் தவறில்லை. ஃபிலிம் கேமராவில் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எண்களும் இல்லாமல் ஃபிலிம் முழுதும் வெறுமையாக இருந்தால் தவறு கழுவியதில். முழுதும் கறுத்திருந்தால் பின்கதவு திறக்கப்பட்டிருக்கிறது.

சில படங்களில் செம்மஞ்சள் கீற்று விழுந்திருந்தால் நெகட்டிவில் அந்தக் கீற்று படச் சட்டத்துக்குள்ளேயே நிற்கிறதா, துளைகள் இருக்கும் விளிம்பு வரை பரவுகிறதா என்று பாருங்கள். விளிம்பு வரை பரவினால் வெளிச்சம் பின்கதவின் இடுக்கு வழியே நுழைகிறது. கலர் ஃபிலிமில் சிவப்பை உணரும் அடுக்கு பின்புறத்துக்கு மிக அருகில் இருப்பதால், பின்னாலிருந்து வரும் ஒளி அதையே முதலில் தாக்கி, படத்தில் சிவப்பாகவும் செம்மஞ்சளாகவும் தெரிகிறது. கீற்று சட்டத்துக்குள் மட்டும் இருந்தால் லென்ஸ் பக்கத்தில் தேடுங்கள். அது வெறும் சூரியனின் எதிரொளிப்பாகவும் இருக்கலாம்.

படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் சுருட்டும் பொறிமுறை வழுக்குகிறது. ஃபிலிமின் நீளத்துக்கு ஒரே நேர்கோடாகக் கீறல் ஓடினால், ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டிலோ ஃபிலிம் வழியிலோ ஒரு துகள் ஒட்டியிருக்கிறது, துடைத்தால் தீரும். வெயிலில் எடுத்தவை மட்டும் நெகட்டிவில் மிக அடர்த்தியாக, அதாவது அதிக ஒளி பட்டுக் கறுத்து இருந்து, நிழலில் எடுத்தவை சரியாக இருந்தால், இதழ்கள் சிறிய துளைக்குச் சுருங்காமல் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். எல்லாமே ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் டிஎக்ஸ் குறியீட்டைச் சந்தேகிக்கவும். 1983இல் கோடாக் அறிமுகப்படுத்திய இந்த முறையில், ஃபிலிம் டப்பாவின் மேலுள்ள கறுப்பு வெள்ளிக் கட்டங்களைக் கேமராவின் சிறு ஊசிகள் தொட்டு ஐஎஸ்ஓவை அறிகின்றன. ஊசிகளில் அழுக்கிருந்தால் பல கேமராக்கள் அதை 100 என்று கொள்ளும். 400 ஃபிலிம் நான்கு மடங்கு ஒளியைப் பெற்றுவிடும். ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ஒரு நிமிடத்தில் தீரும் இந்தக் குறைக்காகக் கேமராவைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

நீங்களே செய்யக்கூடியவை

கசிந்த பேட்டரி விட்டுச்சென்ற படிவு காரத்தன்மை உடையது. ஆகவே வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் அது நுரைத்துக் கரையும். குச்சி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. பின்னர் நீர் தொட்ட குச்சி, அதன்பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சி. காய்ந்ததும் தகட்டைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பளபளப்பாக்கவும். உப்புத்தாள் பயன்படுத்தினால் மேற்பூச்சு போய், அடுத்த முறை இன்னும் விரைவாக அரிக்கும்.

பின்கதவின் பஞ்சை மாற்றுவதுதான் புதியவர் செய்யக்கூடிய பழுதுகளில் மிகுந்த பலன் தருவது. இந்தப் பாலியூரித்தேன் பஞ்சு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, தார் போன்ற பசையாகிவிடும். அந்தப் பசை ஒளியைத் தடுப்பதில்லை என்பதோடு, துகளாக உதிர்ந்து லென்ஸின் பின்புறத்திலும் ஷட்டர் இதழ்களிலும் ஒட்டும். வேலையைத் தொடங்குமுன் படச் சட்டத்தின் திறப்பை ஒரு தாளால் மூடி, எளிதில் பிரியும் நாடாவால் ஒட்டிவிடுங்கள். பழைய பஞ்சு எங்கெங்கே எந்த அகலத்தில் இருந்தது என்பதைச் சுரண்டும் முன் படமெடுத்துக்கொள்ளவும். சுரண்டிய பின் அது நினைவிருக்காது. பல்குத்தும் மரக்குச்சியைப் பட்டையாகச் சீவி, ஆல்கஹாலில் நனைத்து, சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். உலோகக் கத்தி கறுப்பு வண்ணத்தைப் பெயர்த்துவிடும். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். பசை முழுதும் போகாமல் புதியதை ஒட்டினால் ஒரே மாதத்தில் பிரிந்து வரும்.

கீல் பக்கத்துக்கு ஒரு புறம் பசையுள்ள கறுப்புப் பஞ்சுப் பட்டை வேண்டும். மெல்லிய பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும், அது பஞ்சைப் போல் சிதைவதும் இல்லை. பட்டையின் பசைப் பக்கத்தைச் சற்று ஈரமாக்கிக்கொண்டால் உடனே ஒட்டாது, இடம் பார்த்து நகர்த்தி வைக்க முடியும். ஒட்டிய பின் கதவு வலிந்து அழுத்தாமலே மூட வேண்டும். அழுத்தினால்தான் மூடும் என்ற நிலையில் பட்டை தடிமனாக இருக்கிறது. அந்த விசை நாளடைவில் கதவின் கொக்கியை உடைக்கும். ஃபிலிம் டப்பாவைக் காட்டும் சிறு சன்னல் இருந்தால் அதன் ஓரத்தையும் மறக்க வேண்டாம். கீற்று தொடர்ந்து விழுந்தால், எல்லா இடத்தையும் மீண்டும் பிரிக்காமல், கறுப்பு நாடாவால் ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் ஓரத்தை மூடிப் படமெடுத்து, வெளிச்சம் புகும் வழியைக் கண்டுபிடிக்கலாம்.

எண்ணெயில் ஒட்டிய இதழ்களுக்கு லைட்டரில் ஊற்றும் திரவமே மருந்து என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான், ஆனால் ஊற்றினால் கெடும். எண்ணெய் கரைந்து, பரவி, லென்ஸின் உட்புறத்தில் படிந்து, காய்ந்தபின் இதழ்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். முன் லென்ஸ் தொகுதியைக் கழற்றி, இதழ்களை நேரடியாக அடைய முடிந்த கேமராவில் மட்டும், குச்சியின் நுனியில் ஒரு துளி தொட்டு, இதழை இயக்கி, காய்ந்த குச்சியால் துடைத்து, எண்ணெய்த் தடம் வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கழற்றும் முன் முன்தொகுதி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஊசியால் ஒரு சிறு குறி இட்டுக்கொள்ளவும். முதன்முதலில் நான் திறந்த கேமராவில் இந்தக் குறியை இடவில்லை. ஷட்டர் உயிர்பெற்றது, ஆனால் அதன்பின் அந்தக் கேமரா தொலைவிலுள்ள எதையும் தெளிவாகப் பார்க்கவில்லை. திறந்த நாளிலேயே எங்கோ பறந்த ஒரு சுருள்வில்லும் இன்றுவரை கிடைக்கவில்லை.

திருப்புளியைப் பற்றி ஒரு சொல். ஜப்பானியக் கேமராக்களின் சிலுவைத் திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுதாகப் பொருந்தாமல் வழுக்கித் தலையைச் சிதைக்கும். சிதைந்த திருகை எடுப்பது பழுது பார்ப்பதைவிடப் பெரிய வேலை.

திறக்கக் கூடாத கேமரா

உள்ளே ஃபிளாஷ் இருக்கும் எந்தக் கேமராவின் வெளிக்கூட்டையும் புதியவர் கழற்றக் கூடாது. ஃபிளாஷின் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியை எடுத்துவிட்ட பின்னும் அது நெடுநேரம் தங்கியிருக்கும். அந்த அதிர்ச்சி வலிமிக்கது, இதயத்துக்கு ஆபத்தாகவும் முடியலாம். இதைச் செய்து பழகியவர்கள், நன்கு உறையிட்ட கம்பிகள் இணைத்த 1 கிலோ ஓம், 5 வாட் மின்தடையை மின்தேக்கியின் இரு முனைகளிலும் சில நொடிகள் வைத்து வடித்துவிட்டு, மல்டிமீட்டரில் வோல்ட் பூச்சியத்துக்கு அருகில் வந்ததைப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுவார்கள். திருப்புளியால் இரு முனைகளையும் தொட்டுப் பொறிபறக்கச் செய்வது முனைகளையும் சுற்றையும் உருக்கிவிடும்.

அப்படித் திறந்தாலும் மூன்றாம் தலைமுறையில் செய்ய முடிவது குறைவே. விரிசல் கண்ட ரிப்பன் கம்பியை ஒட்ட முடியாது, அதே வகைக் கேமராவிலிருந்து எடுத்து மாற்றத்தான் முடியும். எடுத்ததும் அதே வயதுடையதாகத்தான் இருக்கும். கறை பரவிய எல்சிடிக்கும் இதே கதைதான். எல்சிடி மங்கிவிட்டாலும் கேமரா படமெடுக்கும் என்றால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினால் ஃபிளாஷ் நிற்கும் என்பதை எண்ணி மனப்பாடம் செய்துகொண்டு தொடர்ந்து பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது, ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், கழுவிய நெகட்டிவையும் குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். இந்த மாதிரியை முன்பு திறந்திருக்கிறாரா, உதிரி பாகத்துக்கு அவரிடம் செத்த கேமரா இருக்கிறதா, சரியாகாவிட்டாலும் பார்த்ததற்குக் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடலாம்.

பாதரச பேட்டரிச் சிக்கல்

ரோலை 35, கேனனெட் போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அளவிடப்பட்டவை. அந்தப் பேட்டரி இன்று கிடைப்பதில்லை. அதே வடிவில் விற்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் பெரும்பாலான கேமராக்களில் ஒளிமானியின் முள் கூடுதலாக நகரும். வெளிச்சம் அதிகம் என்று நம்பிப் படம் இருண்டுவிடும். காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 எண் துத்தநாகக்-காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும், ஒரு வளையத்தால் இறுக்கிப் போட்டால் நன்றாகப் பொருந்தும். அதன் ஒட்டுத்தாளைப் பிரித்ததும் காலக்கணக்கு தொடங்கிவிடும், படமெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். சில்வர் ஆக்சைடு பேட்டரியை வைத்து, டயோடு மூலம் வோல்டைக் குறைத்துத் தரும் அடாப்டர் நீண்ட நாளைக்கு உகந்தது. இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் கைபேசியில் ஒளிமானிச் செயலியை வைத்துக்கொண்டு துளையையும் வேகத்தையும் தாமே வைக்கலாம். இவ்விரண்டு கேமராக்களின் ஷட்டரும் பேட்டரி இல்லாமலே ஓடும்.

வைத்திருக்கும் முறை

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நல்லது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, நிறம் மாறியதும் அவற்றைக் காய வைக்க வேண்டும். தோலுறையை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு ஊட்டுவது அதுவே. மூடிய காரில் கேமராவை விட்டால் ஒரே பகலில் கிரீஸ் இளகி இதழ்களுக்கு வந்து சேரக்கூடும்.

மாதம் ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்து, பேட்டரி போட்டு, எல்லா வேகங்களிலும் பத்துப் பன்னிரண்டு முறை ஷட்டரை அழுத்தி, ஃபிளாஷை இருமுறை மின்னவிட்டு, பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கேமராவைத் திரும்ப உள்ளே வைக்கவும்.